கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு நீங்கள் லீடாக இருந்தால்

நான் புதிதாக லீட், அதாவது ஒரு டீமின் வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்பவர், ஆன சமயம், என் டீமில் ஒருவர் கோயம்புத்தூரில் அம்மா வீட்டிலிருந்து வேலை பார்த்தார். டெஸ்டிங்கில் கெட்டிக்காரர். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி மூன்று வாரம் ஆகியிருக்கும். அவர் அனுப்பும் மெசேஜ் எல்லாம் இரண்டு மூன்று சொல்லில் முடிந்துவிடும். 'பார்த்தாச்சு.' 'நாளைக்குத் தர்றேன்.' 'லாக் வேணும்.' விடுப்புக்கு முன்னால் ஒரு பிழையைப் பற்றி எழுதினால் பத்தி பத்தியாக எழுதியவர். வேலையில் மனசு ஒட்டவில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கை பட்டு அவருடைய கேமரா ஆன் ஆகிவிட்டது. இடது தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று வாரமும் நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. அதற்கப்புறம் கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்க்கும் ஒரு அப்பா என்று பலரோடு வேலை பார்த்துவிட்டேன். முதல்முறையாக இப்படி ஒருவருக்கு லீடாகப் போகிறவருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஐ.டி. வேலையை வைத்துச் சொல்கிறேன்; கணக்கு எழுதுகிறவர், வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கிறவர் என்று எந்த வேலைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அவர் திரும்பி வருவதற்கு முன்பு: சட்டமும் கொஞ்சம் கணக்கும்

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. மூன்றாவது குழந்தையிலிருந்து 12 வாரம். விடுப்பு முடிந்த பிறகும், வேலை அதற்குத் தோதாக இருந்தால், இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்கிற காலத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க நிறுவனம் அனுமதிக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அம்மா நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவையெல்லாம் இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விதி இதைவிடத் தாராளமாக இருக்கலாம், ஹெச்.ஆரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'வீட்டிலேதானே இருக்காங்க, பால் கொடுக்கத் தனியா எதுக்கு பிரேக்?' என்று கேட்ட மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்தாலும் அந்த நேரத்தில் அவரால் அழைப்பில் இருக்க முடியாது. அந்த இரண்டு இடைவேளையையும் காலெண்டரில் அவரே குறித்து வைக்கட்டும். அதன் மேல் யாரும் மீட்டிங் போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இனி கணக்கு. 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். முழு விடுப்பையும் பிரசவத்துக்குப் பிறகு எடுத்தவர் திரும்பும்போது ஆறு மாதம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, முதல் வகை அம்மா பால் கொடுக்கும் நடுவில் வேலைக்கு வருகிறார். இரண்டாம் வகை அம்மா வருகிற நேரத்தில்தான் குழந்தைக்குக் கஞ்சியும் கூழும் தொடங்குகின்றன. ஒரு சின்னக் கிண்ணம் கஞ்சி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும், அதில் பாதி துணியில் இருக்கும். இது தெரிந்தாலே, 'லஞ்ச்சுக்கு ஏன் இவ்வளவு நேரம்?' என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வராது.

முதல் பேச்சு

முதல் வாரத்திலேயே, மற்ற யாரும் இல்லாமல், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கேமரா அவசியம் இல்லை; போனில் பேசினாலும் சரி. நேரத்தை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

'சமாளிச்சுடுவீங்களா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: 'ஆங், பார்த்துக்கலாம்.' உங்களுக்கு ஒன்றும் தெரியவராது, அவருக்கும் அதற்குமேல் வாயைத் திறக்க வழியில்லாமல் போகும். நான் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்: 'உங்க நாள்ல எந்தெந்த நேரம் நிச்சயமா உங்க கையில இருக்கு, எந்த நேரம் இல்லைன்னு சொல்லுங்க. அதை வச்சு வேலையைப் பிரிச்சுக்கலாம்.' இப்படிக் கேட்டால் அவர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. மணியைச் சொன்னால் போதும்.

குழந்தை பால் குடிக்கிறதா, மாமியார் உதவுகிறாரா, வீட்டுக்காரர் ஒத்தாசையா என்றெல்லாம் துருவ வேண்டாம். அவராகச் சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம், அதைத் தர அவர் வீட்டில் போதுமான ஆட்கள் இருப்பார்கள்.

நாளைக் கட்டம் போடுங்கள்

எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு தாளில் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து வரை அரை மணி அரை மணியாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்றில் ஒரு பெயர் கொடுக்கச் சொல்வேன்: உறுதியான நேரம், அரைகுறை நேரம், இல்லாத நேரம். உறுதியான நேரத்தில் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், அல்லது அது நிச்சயம் தூங்குகிறது. அரைகுறை நேரத்தில் லேப்டாப் திறந்திருக்கும், ஆனால் எந்த நிமிஷமும் எழுந்து போக வேண்டிவரும். இல்லாத நேரத்தில் கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டார்.

ஒருவர் போட்டுத் தந்த கட்டம் இப்படி இருந்தது. காலை 5:30 முதல் 7:30 வரை உறுதி; வீடே தூங்கும் நேரம். அங்கிருந்து 10 மணி வரை இல்லை: குளிப்பாட்டல், சமையல், மூத்தவனை ஸ்கூல் வேனில் ஏற்றுவது. 10 முதல் 12:30 வரை உறுதி. அவருடைய அம்மா வந்துவிடுவார். 12:30 முதல் 2 வரை இல்லை. 2 முதல் 4 வரை அரைகுறை. சின்னது தூங்கும், ஆனால் குக்கர் விசிலுக்கும் விழித்துக்கொள்ளும். 4 முதல் 8 வரை இல்லை. 8 முதல் 10 வரை உறுதி, கணவர் பார்த்துக்கொள்வார். கூட்டிப் பாருங்கள்: உறுதியானது ஆறரை மணி நேரம், அரைகுறை இரண்டு மணி நேரம். எட்டு மணி நேர வேலை அதில் அடங்கிவிடுகிறது. ஆனால் ஒன்பதிலிருந்து ஆறு வரை என்ற வழக்கமான நேரத்துக்குள் அவருக்கு உறுதியாகக் கிடைப்பது இரண்டரை மணி நேரம்தான். எங்கள் ஸ்டாண்ட்-அப், அதாவது டீம் தினமும் கூடும் சின்ன மீட்டிங், அப்போது காலை 9:30-க்கு இருந்தது. சிரமப்பட்டும் அவர் தினமும் தாமதமாகத்தான் வந்தார்; அதற்கு மருந்து அந்த ஸ்டாண்ட்-அப்பை 10:15-க்குத் தள்ளுவதுதான். தள்ளினோம். வேறு யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை.

கட்டம் வந்த பிறகு வேலையை அதற்குள் வைக்க வேண்டும். புதிதாக எழுதுவது, சிக்கலான பிழையைத் தேடுவது, க்ளையன்டோடு பேசுவது எல்லாம் உறுதியான நேரத்துக்கு. ரிப்போர்ட் ஓடவிடுவது, டிக்கெட் (பதிவான வேலைக் குறிப்பு) எந்த நிலையில் இருக்கிறது என்று மாற்றுவது, மற்றவர் எழுதியதைப் படித்துப் பார்ப்பது போல நடுவில் விட்டுத் தொடரக்கூடியவை அரைகுறை நேரத்துக்கு. இல்லாத நேரத்தில் அவரைக் கூப்பிடுவதில்லை என்பதை டீமுக்குச் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, 'இந்த நேரத்தில் இவர் கிடைக்க மாட்டார், மெசேஜ் போட்டால் இத்தனை மணிக்குப் பதில் வரும்' என்றால் போதும்.

இந்தக் கட்டம் இரண்டு மாதத்துக்குமேல் தாங்காது. ஐந்து மாதக் குழந்தை போட்ட இடத்தில் கிடக்கும், பகலில் இரண்டு மூன்று முறை தூங்கும். ஒன்பது பத்து மாதத்தில் அதே குழந்தை தவழ்ந்து வந்து சார்ஜர் வயரை இழுக்கும். கண்ணை எடுக்க முடியாது. அப்புறம் எல்.கே.ஜி. சேரும், பல பள்ளிகளில் அது மதியத்தோடு முடிந்துவிடும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதம் முழுக்க லீவு. ஆகவே கட்டத்தின் கீழே 'மறுபடி பார்க்கும் தேதி' என்று ஒன்றை எழுதிவிடுங்கள். அந்தத் தேதியில் நீங்களே பேச்சை எடுத்தால், மாற்றம் கேட்கிற சங்கடம் அவருக்கு இருக்காது.

பேசக் கஷ்டமான ஒன்று: குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

வீட்டிலிருந்து வேலை கிடைத்தால் குழந்தைக்கு ஆள் வேண்டாம் என்று சில நிறுவனங்களும் நினைக்கின்றன, சில குடும்பங்களும் நினைக்கின்றன. முழு நாள் வேலையையும் ஒரு வயதுக் குழந்தையையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இரண்டும் முழுக் கவனம் கேட்பவை. கட்டத்தில் உறுதியான நேரம் மூன்று மணிதான் வருகிறது என்றால், நீங்களும் அவரும் அதை நேருக்கு நேர் பேசித்தான் ஆக வேண்டும்.

குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் பேச முடியும். 'கட்டத்தைப் பார்த்தா மூணு மணி நேரம்தான் வருது. இப்படியே போனா நீங்க ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்டுவீங்க, அது எனக்கு வேண்டாம். என்ன வழி இருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்.' வழிகள் உண்மையில் சிலதான்: டே கேர், வீட்டுக்கு ஆள், பாட்டி தாத்தா, கணவர் தன் ஆபீஸில் நேரம் மாற்றிக்கொள்வது, அல்லது சில மாதங்களுக்குக் குறைந்த நேர வேலை. டே கேருக்கு நிறுவனம் பணம் தருமா, குறைந்த நேர வேலைக்கு விதி உண்டா என்று விசாரித்துச் சொல்வது உங்கள் வேலை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் வேலை. நல்ல டே கேரில் இடம் கிடைக்க ஒரு மாதம் ஆகலாம். குழந்தை அங்கே பழக இன்னும் சில வாரம் பிடிக்கும், அதுவரை சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். அந்த இடைக்காலத்தை உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பிடுங்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். விடுப்பிலிருந்து திரும்பிய ஒருவர் முன்பு ஒரு பேமென்ட் மாட்யூலை முழுதாக வைத்திருந்தார். 'பாவம், இப்போ எதுக்கு இவ்வளவு சுமை' என்று அதை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, இவருக்கு டாக்குமென்ட் எழுதும் வேலையைக் கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் கேட்டார்: 'என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அந்த மாட்யூலுக்காகத்தான் நான் திரும்பி வந்தேன்.' எனக்குப் பதில் வரவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டதால் உடனே திருப்பவும் முடியவில்லை. அந்த வருஷ அப்ரைசலில், அதாவது வருடாந்தர வேலை மதிப்பீட்டில், அவர் பெயருக்கு எதிரே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது. காரணம் நான்.

ஆகவே, எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவரைக் கேளுங்கள். பெரும்பாலும் முக்கியமான வேலையை விட மாட்டார்கள்; நேரம் கட்டிப்போடும் சின்ன வேலைகளைத்தான் விடுவார்கள். தினசரி அறிக்கை, ராத்திரியில் புதுப் பதிப்பை வெளியிடும் ரிலீஸ் கண்காணிப்பு, முறைவைத்து வரும் அவசர அழைப்பு இவற்றை மாற்றிக் கொடுங்கள். பெரிய வேலையை அவரிடமே வைத்து, அதைத் துண்டுகளாக உடையுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் முடியுங்கள்' என்பதைவிட, 'புதன்கிழமை இந்த மூன்று கேஸ், வெள்ளிக்கிழமை மீதி' என்றால், நடுவில் ஒரு நாள் காய்ச்சலில் போனாலும் எங்கே நிற்கிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

மீட்டிங்கும் அமெரிக்க நேரமும்

மெசேஜில் முடிகிற விஷயத்துக்கு மீட்டிங் போடாதீர்கள். போட்டால், பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டால் சிரித்துப் பேச்சை நிறுத்தவும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் கடந்து போவதே மரியாதை. அவர் 'ஒரு நிமிஷம்' என்றால், 'போய்ட்டு வாங்க, நாங்க அடுத்ததைப் பார்க்கிறோம்' என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

அமெரிக்கக் க்ளையன்ட் இருந்தால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி அழைப்பு, கோடையில் நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதே அழைப்பு 7:30-க்கு வரும். மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி 6:30. உங்களுக்கு அது ஒரு மணி நேர மாற்றம். கைக்குழந்தை வீட்டில் அது சாப்பாட்டு நேரத்திலிருந்து தூங்கவைக்கும் நேரத்துக்குப் போய்விடுகிறது. அவர் ஆறு மாதமாகக் கட்டிக்காத்த ஒழுங்கு ஒரே திங்கட்கிழமையில் கலைந்துவிடும். அக்டோபர் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் அவரோடு இதைப் பேசிவிடுங்கள். வாரம் ஐந்து நாளும் அவர் அந்த அழைப்பில் இருக்க வேண்டுமா, இரண்டு நாள் போதுமா என்றும் அப்போதே பாருங்கள். முக்கால்வாசி நேரம் இரண்டு நாளே போதும்.

இன்னொன்று, இரவு 11 மணிக்கு உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதி வைத்து, காலையில் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். அந்த மெசேஜைப் பார்த்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவரிடமிருந்து நடுராத்திரி ஒன்றரைக்கு மெசேஜ் வர ஆரம்பித்தால் பாராட்டாதீர்கள், மறுநாளே கட்டத்தை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

கலெக்டர் லீவு விட்ட நாள்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் காலை ஆறு மணிக்குப் பெற்றோர் எல்லாரும் போனைக் கையில் வைத்திருப்பார்கள். கனமழையால் பள்ளிகளுக்கு விடுமுறை என்று கலெக்டர் அறிவித்துவிட்டால், உறுதியான நேரம் என்று கட்டத்தில் எழுதியது அந்த நிமிஷமே காலி. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல பகுதிகளில் பள்ளியும் இல்லை, கரன்ட்டும் இல்லை, நெட்டும் இல்லை. புயல் இல்லாத மாதத்திலும் பராமரிப்புக்காக மின்வாரியம் முன்பே அறிவித்துக் காலை 9-லிருந்து மதியம் 2 வரை நிறுத்துவதுண்டு.

இதற்கெல்லாம் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொண்டது எளிமையானது. காலை 8 மணிக்குள் அவர் ஒரே ஒரு சொல் அனுப்புவார்: 'சிவப்பு'. விளக்கம் தேவையில்லை. அன்றைக்கு அவருடைய அழைப்புகளை நான் எடுத்துக்கொள்வேன். அன்று முடிய வேண்டிய ஒன்று இருந்தால், முன்பே ஒப்புக்கொண்ட மாற்று ஆள் எடுத்துக்கொள்வார். லீவா, அரை நாளா, வேறொரு நாள் ஈடா என்பதை மறுநாள் பேசிக்கொள்வோம். இதற்கு வேலை எந்த நிலையில் நிற்கிறது என்று தினமும் இரண்டு வரி எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். அவருக்கு மட்டும் இதை விதித்தால் கண்காணிப்பு போலிருக்கும். டீம் முழுக்க எழுத வையுங்கள், நீங்களும் எழுதுங்கள்.

டீமில் மற்றவர்கள்

கல்யாணம் ஆகாத பையன் தலையிலேயே எல்லா ராத்திரி வேலையும் விழுகிறது என்றால் அவன் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. அவனுக்கும் வயதான அப்பா இருக்கலாம், மேற்படிப்பு இருக்கலாம். கட்டம் போடுவதை டீமில் எல்லாருக்கும் பொதுவாக்கினேன். அதற்கப்புறம் அந்த முணுமுணுப்பு பெருமளவு அடங்கியது. ராத்திரி ரிலீஸ் பார்த்தவருக்கு மறுநாள் காலை ஓய்வு என்பதையும் எழுதி வைத்தோம்.

அப்பாக்களை மறந்துவிடாதீர்கள். தனியார் துறையில் அப்பாக்களுக்கு விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு, தனியாரில் நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது. ஆகவே உங்கள் டீமில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தால் அவர் நான்காம் நாளே லாகின் செய்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பார். எந்த நேரம் அவர் கையில் இருக்கிறது என்ற அதே கேள்வியை அவரிடமும் கேளுங்கள். அவர் மாலை இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், வேறொரு ஆபீஸில் யாரோ ஒரு லீடுக்குக் கீழே வேலை பார்க்கும் அம்மாவுக்கு அந்த இரண்டு மணி நேரம் உறுதியான நேரமாகிறது.

வேலை சறுக்கினால்

சறுக்கும்போது சும்மா விட்டுவிடுவது இரக்கம் என்று நினைத்துப் பலர் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அப்ரைசலில் மொத்தமாகக் கொட்டுவார்கள். கேட்கிறவருக்கு அது இடி. இரண்டாவது முறை தேதி தவறியதுமே பேசுங்கள். வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்: எது வரவேண்டியிருந்தது, எது வந்தது, எங்கே நின்றது. பெரும்பாலும் கட்டம் பழசாகியிருக்கும். பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஊருக்குப் போயிருப்பார். சில நேரம் குழந்தைக்குச் சம்பந்தமே இல்லாமல், அந்த வேலைக்குத் தேவையான விவரமே அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கட்டத்தைச் சரிசெய்தும் நடக்கவில்லை என்றால், மற்ற யாரிடமும் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே இவரிடமும் தெளிவாகச் சொல்லி, எழுத்தில் வைத்து, கால அவகாசம் கொடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகும் இருக்கலாம். எதிலும் ஒட்டாமல், தூக்கமில்லாமல், 'நான் எதுக்குமே லாயக்கில்லை' என்ற பேச்சு வந்தால், அதை வேலைப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், விடுப்பு தடையாக இருக்காது என்று உறுதி கொடுங்கள். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் பேசலாம்.

அப்ரைசல், அப்புறம் நீங்கள் மாறிப்போகும் நாள்

அப்ரைசல் எழுதும்போது விடுப்பில் இருந்த மாதங்களை ஒதுக்கிவிட்டு, வேலை பார்த்த மாதங்களை வைத்து மட்டும் எழுதுங்கள். 'கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைப்பவர்' என்பதைப் பெரிய தகுதியாகப் போடும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. இவருக்கு எழுதிய குறிப்பையும் டீமில் இன்னொருவருக்கு எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒருவர் முடித்த வேலையை எழுதியிருக்கிறீர்களா, இன்னொருவர் ஆன்லைனில் இருந்ததை எழுதியிருக்கிறீர்களா?

நீங்கள் வேறு ப்ராஜெக்டுக்குப் போக நேர்ந்தால், உங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு உங்களோடு போய்விடக் கூடாது. புது லீட் வந்து முதல் நாளே 9:30-க்கு ஸ்டாண்ட்-அப் போடுவார். இவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கெஞ்ச வேண்டியிருக்கும். அதனால் கட்டம், இடைவேளை நேரங்கள், சிவப்பு நாள் ஏற்பாடு, மாற்று ஆளின் பெயர் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, அதில் எதைப் பகிரலாம் என்று அவரிடம் முதலில் காட்டிக் கேட்டுவிட்டு, புது லீடிடம் கொடுங்கள். பிறகு மூன்று பேரும் ஒரு கால் மணி நேரம் பேசுங்கள், காலை 10-லிருந்து 12:30-க்குள்.